எழுதியவர் அந்த வழியே போனாரா?

1845-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு வழிகாட்டி நூல் அச்சாகி வந்தது. ஆரிகனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடிபெயர்கிறவர்களுக்கான கையேடு அது. எழுதியவர் லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் என்ற இளம் வழக்கறிஞர். என்னென்ன சாமான் ஏற்ற வேண்டும், எத்தனை பேருக்கு எவ்வளவு மாவு வேண்டும், எந்த மாதம் கிளம்ப வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தார். நடுவே ஒரே ஒரு வாக்கியத்தில் ஒரு குறுக்குவழியும் சொல்லியிருந்தார். வழக்கமான தடத்தை விட்டுத் தென்மேற்கே திரும்பி, பெரிய உப்பு ஏரிப் பக்கமாகப் போனால் கலிஃபோர்னியாவுக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்றார். அந்த வழியில் அவர் அதுவரை கால் வைத்ததே இல்லை.

புத்தகம் வெளிவந்த மறு ஆண்டு, 1846-ல், ஹேஸ்டிங்ஸ் முதன்முறையாக அந்த வழியாகக் குதிரையில் வந்தார். கூட வந்தவர்களில் ஜேம்ஸ் கிளைமன் என்ற மூத்த மலைவாசியும் ஒருவர். அதே கோடையில் இல்லினாய்ஸ் மாநிலத்திலிருந்து டோனர், ரீடு குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் மேற்கே போய்க்கொண்டிருந்தன. லாரமி கோட்டை அருகே கிளைமன் அவர்களைச் சந்தித்தார். ஜேம்ஸ் ரீடு அவருக்குப் பழைய படைத்தோழர். ‘வண்டிகளோடு அந்தப் பக்கம் போகாதே, தெரிந்த தடத்திலேயே போ’ என்று கிளைமன் எச்சரித்தார். நேரில் பார்த்துவிட்டு வந்தவர் சொன்னதைவிட அச்சிலிருந்த வாக்கியத்தையே ரீடு நம்பினார்.

நடந்தது அமெரிக்க வரலாற்றில் எல்லோரும் அறிந்த கதை. வாசாட்ச் மலையில் மரங்களை வெட்டிப் பாதை போடவே வாரக்கணக்கில் ஆயிற்று. 40 மைல் என்று நம்பிப் புகுந்த உப்புப் பாலைவனம் ஏறத்தாழ 80 மைல் நீண்டது. மாடுகள் தாகத்தில் கட்டறுத்துக்கொண்டு ஓடின. சியரா நெவாடா மலைக்கணவாயை அடைந்தபோது முந்திக்கொண்டு பனி விழுந்துவிட்டது. 87 பேர் கொண்ட அந்தக் கூட்டத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் 1847-ன் வசந்தத்தைப் பார்க்கவில்லை. பசி தாங்காமல் சிலர் இறந்தவர்களின் சதையைத் தின்றார்கள்.

காட்டிலும் பாலையிலும் உயிர்பிழைக்கச் சொல்லித்தரும் புத்தகங்களின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவது பொருத்தம். இந்த வகை நூல்களில் கேட்க வேண்டிய முதல் கேள்வியை ஹேஸ்டிங்ஸ் தன்னை அறியாமலே எழுப்பிவிட்டுப் போனார்: எழுதியவர் அந்த வழியே போனாரா?

போனவர்கள் எழுதிய நூல்களும் அந்தக் காலத்திலேயே வந்தன. அமெரிக்கப் படையின் கேப்டன் ராண்டால்ஃப் மார்சி 1859-ல் எழுதிய ‘புல்வெளிப் பயணி’, அந்நாட்டுப் போர்த்துறையின் ஒப்புதலோடு வெளியானது. மேற்குச் சமவெளிகளில் பல ஆண்டுகள் அலைந்தவர் மார்சி. டெலவேர் பழங்குடியைச் சேர்ந்த பிளாக் பீவர் போன்ற வழிகாட்டிகளோடு நடந்து கற்றவர். 1857-ன் குளிர்காலத்தில் ராக்கி மலைகளைக் கடந்து நியூ மெக்சிகோவுக்குப் போனபோது, உணவு தீர்ந்து கோவேறு கழுதைகளை அடித்துத் தின்றுதான் அவருடைய படையினர் பிழைத்தார்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை மைல், தண்ணீர் எங்கே, விறகு எங்கே, மாட்டுக்குப் புல் எங்கே என்று தடவாரியாக அவருடைய நூலில் பட்டியலே இருக்கிறது. வீர வசனம் எதுவும் கிடையாது. வண்டி கட்டிக்கொண்டு போகிறவனுக்கு வேண்டியதும் அந்தப் பட்டியல்தான்.

இங்கிலாந்தில் இதே காலத்தில் புகழ்பெற்ற நூல் ஃபிரான்சிஸ் கால்டன் 1855-ல் வெளியிட்ட ‘பயணக் கலை’. சார்லஸ் டார்வினின் உறவினரான கால்டன் 1850 முதல் 1852 வரை இன்றைய நமீபியாப் பகுதியில் சுற்றியவர். தான் கண்டதோடு, பிற பயணிகள் எழுதியதையும் சொன்னதையும் வாரி எடுத்துத் தொகுத்தார். கிரீமியப் போர்க் காலத்தில் ஆல்டர்ஷாட் படை முகாமில் சிப்பாய்களுக்கு இதை வகுப்பாகவும் நடத்தினார். நூல் பல பதிப்புகள் கண்டது.

அதில் நல்ல யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. திடீர் மழை வந்தால் உடுப்பைக் கழற்றி மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொள். மழை விட்டதும் உலர்ந்த துணி கைவசம் இருக்கும் என்கிறார். உடம்பு நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், நனைந்த துணியோடு இரவைக் கழிப்பதுதான் ஆபத்து என்று புரிந்துவைத்திருந்தார்.

பாம்புக்கடிக்கு அவர் சொன்ன வைத்தியம்தான் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டு. நஞ்சை வாயால் உறிஞ்சு. காரம் வைத்துச் சுடு. காரம் கிடைக்கவில்லையா? காயத்தில் துப்பாக்கி மருந்தைப் போட்டுக் கொளுத்து. இல்லையென்றால் கத்தியால் அந்தச் சதையை அறுத்தெடுத்துவிட்டு, துப்பாக்கிக் குழலில் மருந்தை இடிக்கும் இரும்புக் கம்பியை வெண்சூடு வரும்வரை காய்ச்சி அந்த இடத்தைப் பொசுக்கு. நஞ்சைத் தின்றவரை வாந்தியெடுக்க வைக்கவும் துப்பாக்கி மருந்துதான்: ஒரு வேட்டுக்கான மருந்தை வெந்நீரிலோ சோப்பு நுரையிலோ கலந்து குடித்துவிட்டுத் தொண்டையைக் குடைய வேண்டும். கால்டன் ஆப்பிரிக்காவுக்குப் போனவர்தான். ஆனாலும் இந்த வைத்தியத்தில் ஒரு பகுதி இன்னொரு பயணியிடமிருந்து வாங்கியது. அதை அவரே சொல்கிறார். நேரில் போனவர் எழுதினாலும் ஒவ்வொரு வரியும் சோதித்துப் பார்த்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இது: எழுதியதை அவரே சோதித்துப் பார்த்தாரா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நூல்களின் வாசகர் மாறினார். எல்லையைத் தேடிப் போகும் குடியேறியின் இடத்துக்கு, விடுமுறையில் காட்டுக்குப் போகும் நகரவாசி வந்தார். செயின்ட் லூயிஸ் நகரில் நூலகராக இருந்த ஹொரேஸ் கெப்பார்ட், 1904-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கிரேட் ஸ்மோக்கி மலைகளில் போய்க் குடியேறினார். 1906-ல் அவர் எழுதிய முகாம் நூல், அமெரிக்கர்களுக்கு இன்றும் அச்சில் கிடைக்கிறது. 1908-ல் பேடன் பவல் சிறுவர்களுக்காக எழுதிய சாரணர் நூல் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டிலும் காடு ஒரு பள்ளிக்கூடம். உயிருக்குப் போராடும் இடமாக அது வரவில்லை.

அப்படி மாற்றியது விமானம்.

இரண்டாம் உலகப் போரில், நகரத்தில் பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன் பாராசூட்டில் குதித்து நியூ கினிக் காட்டிலோ சகாராவிலோ வட துருவப் பனியிலோ இறங்க நேர்ந்தது. கையில் இருப்பது ஒரு கத்தி, கொஞ்சம் தண்ணீர், சட்டைப்பையில் நுழைகிற ஒரு புத்தகம். இப்படிப்பட்ட நிலங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்ட அமெரிக்க விமானப்படை 1942-ல் துருவம், பாலை, வெப்பமண்டலம் பற்றிய தகவல் மையம் ஒன்றை அமைத்தது. தாவரவியலாளர்கள், புவியியலாளர்கள், துருவப் பயணிகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். 1943-ல் அமெரிக்கக் கடற்படைக்காக ஸ்மித்சோனியன் நிறுவன அறிஞர்கள் நிலத்திலும் கடலிலும் பிழைப்பது குறித்து ஒரு கையேடு தயாரித்தார்கள். அதே ஆண்டு ஜான், ஃபிராங்க் கிரெய்க்ஹெட் என்ற இரட்டைச் சகோதரர்களும் அதே பொருளில் ஒரு நூல் எழுதினார்கள். இவர்கள் பருந்து வளர்ப்பில் பித்துக்கொண்டவர்கள். அமெரிக்கா போரில் இறங்குவதற்குச் சற்று முன்பு குஜராத்தின் பாவ்நகர் இளவரசர் தர்மகுமார்சிங்ஜியின் விருந்தாளிகளாக இந்தியாவில் தங்கி, வல்லூறு கொண்டு வேட்டையாடும் மரபைப் படம்பிடித்தவர்கள். பிற்காலத்தில் யெல்லோஸ்டோன் கரடி ஆய்வுகளுக்காகப் பேர் பெற்றார்கள்.

இந்தியாவிலும் அதே வேலை நடந்தது. புலி வேட்டைக்காரராகப் பெயர்பெற்ற ஜிம் கார்பெட் 1944-ல் லெப்டினன்ட் கர்னல் பதவியில் சேர்ந்து, பர்மாவுக்குப் போகவிருந்த படையினருக்கு மத்திய இந்தியக் காடுகளில் காட்டு வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 68.

இந்தக் காலத்துக் கையேடுகளை அதற்கு முந்தையவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒன்றுதான்: பிழைத்து வந்தவர்களிடம் போய்க் கேட்டார்கள். ரிச்சர்ட் ஹோவர்டு என்ற தாவரவியலாளர் தென்மேற்குப் பசிபிக்கில் விழுந்து திரும்பிய விமானிகளின் அனுபவங்களைத் திரட்டி ஓர் அறிக்கையே எழுதினார்; அதன் தலைப்பு ‘999 பேர் பிழைத்தார்கள்’. பாலைவனத்தில் விழுந்தவர்களைப் பற்றியும் அவர் அப்படி ஒன்று தொகுத்தார். காட்டைப் பற்றிய ஊகங்களை விட்டுவிட்டு, உண்மையில் எது கொல்கிறது, எது காப்பாற்றுகிறது என்று பார்க்கிற பழக்கம் அப்போது வந்தது.

தண்ணீர் விஷயத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. பாலைவனத்தில் சிப்பாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுத்தால் உடம்பு பழகிக்கொள்ளும் என்று படைகளில் ஒரு நம்பிக்கை இருந்தது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு அடால்ஃப் குழுவினர் போர்க்காலத்தில் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் சிப்பாய்களை நடக்கவைத்து எடை பார்த்தார்கள், வியர்வையை அளந்தார்கள். தாகத்தை அடக்கியவன் குறைவாக வியர்க்கவில்லை. சீக்கிரம் சோர்ந்து விழுந்தான், அவ்வளவுதான். இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடு, சிக்கனம் பிடிக்க வேண்டியது வியர்வையில். பகலில் நிழலில் கிட, இரவில் நட என்ற பாடம் 1947-ல் வெளியான அவர்களுடைய நூலிலிருந்து கையேடுகளுக்குள் புகுந்தது.

1943 ஏப்ரல் 4 இரவு ‘லேடி பி குட்’ என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் இத்தாலியிலிருந்து லிபியாவின் தளத்துக்குத் திரும்பும்போது, தளத்தைக் கடந்து பாலைவனத்துக்குள் நெடுந்தூரம் போய்விட்டது. எரிபொருள் தீர்ந்ததும் ஒன்பது பேரும் குதித்தார்கள். ஒருவர் குதித்ததிலேயே இறந்தார். மற்ற எட்டுப் பேர் அரைக் குப்பி தண்ணீரோடு, கடல் அருகில்தான் இருக்கும் என்று நினைத்து வடமேற்கே நடந்தார்கள். துணை விமானி எழுதிய நாட்குறிப்பு ஏப்ரல் 12 வரை போகிறது. விமானம் அவர்களுக்குத் தெற்கே மணலில் பெரும் சேதமில்லாமல் கிடந்தது. 1959-ல் அதை அடைந்தவர்கள் உள்ளே தண்ணீரும், இயங்கக்கூடிய ரேடியோவும் இருப்பதைக் கண்டார்கள். விழுந்த விமானத்தை விட்டு விலகாதே என்று எல்லாக் கையேடுகளும் தடித்த எழுத்தில் அச்சிடுவதற்கு இப்படிப்பட்ட பிணங்கள் காரணம்.

போர் முடிந்தபின் கையேடுகளின் கதை வேறு பக்கம் திரும்பியது. அமெரிக்கத் தரைப்படை 1957-ல் எஃப்.எம். 21-76 என்ற எண்ணில் ஒரு கையேட்டை வெளியிட்டு, பின்னர் பல முறை திருத்தியது. அமெரிக்க அரசு வெளியீடுகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிட்டார்கள். அட்டையை மாற்றி, தலைப்பை மாற்றி, படங்களை அப்படியே வைத்து டஜன் கணக்கில் புத்தகங்கள் வந்தன. இன்றும் நம் ஊர் நடைபாதைக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும் மலிவு உயிர்பிழைக்கும் நூல்களில் பலவற்றின் மூலம் அதுதான். எதிரி நாட்டில் விழுந்த சிப்பாய் ஒளிந்து மறைந்து திரும்புவதற்காக எழுதியது அது. வழிதவறிய மலையேற்றப் பயணிக்கு நேர்மாறான வேலை: யார் கண்ணிலாவது பட வேண்டும்.

1986-ல் ஜான் வைஸ்மன் எழுதிய எஸ்.ஏ.எஸ். கையேடு வந்தபின் இது பெரும் சந்தையாகிவிட்டது. பிரிட்டனின் சிறப்புப் படையில் 26 ஆண்டு பணியாற்றியவர் வைஸ்மன். தெளிவான படங்களோடு எழுதினார். துருவம் முதல் கடல் வரை ஒரே அட்டைக்குள் அடங்கியிருப்பது அந்த நூலின் கவர்ச்சி, பலவீனமும் அதுதான். ஒவ்வொரு நிலத்துக்கும் சில பக்கங்களுக்கு மேல் ஒதுக்க முடியாது.

புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் பார்த்து எழுதுவதால் ஒரு யோசனை எப்படி வாழ்கிறது என்பதற்குச் சூரிய வடிகலம் நல்ல உதாரணம். 1965-ல் அரிசோனாவின் நீர்ப் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த ரே ஜாக்சன், வான் பாவல் என்ற இரு விஞ்ஞானிகள் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாலை மண்ணில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் குழி தோண்டி, நடுவில் பாத்திரம் வைத்து, மேலே பாலித்தீன் ஷீட்டைப் போர்த்தி, ஷீட்டின் நடுவில் ஒரு கல்லை வைக்க வேண்டும். மண்ணின் ஈரம் ஆவியாகி, ஷீட்டின் அடியில் துளிகளாகச் சேர்ந்து, கல்லின் கனத்தால் தாழ்ந்த இடத்துக்கு வழிந்துவந்து பாத்திரத்தில் சொட்டும். இயற்பியலில் பிழையே இல்லை. படமும் அழகாக இருக்கும். அதன்பின் வந்த கையேடுகளில் இந்தப் படம் இல்லாதது அபூர்வம். மண்ணில் ஈரம் இருந்தால்தான் இது வேலை செய்யும். வறண்ட மண்ணில் வெயிலில் குழி தோண்டுகிறவன் சிந்தும் வியர்வைக்குப் பாத்திரத்தில் சேருவது ஈடாகாது. அடால்ஃபின் பாடமும் சூரிய வடிகலமும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதைத் தொகுத்தவர் கவனித்திருக்க மாட்டார்.

எந்தப் புத்தகமானாலும் அது சொல்லாத இடத்தில் ஆபத்து இருக்கிறது. 1992 ஏப்ரலில் கிறிஸ் மெக்கண்ட்லெஸ் என்ற 24 வயது இளைஞர் அலாஸ்கா காட்டுக்குள் போய், கைவிடப்பட்ட ஒரு பேருந்தில் தங்கினார். கையில் ஒரு தாவர நூல் இருந்தது. டெனாய்னா பழங்குடி மக்கள் எந்தச் செடியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பிரிசில்லா ரஸ்ஸல் காரி எழுதிய மரியாதைக்குரிய நூல் அது. அதன் கடைசிப் பக்கங்களில்தான் மெக்கண்ட்லெஸ் தன் நாட்குறிப்பையும் எழுதினார். காட்டு உருளைக்கிழங்கு எனப்படும் செடியின் கிழங்கைத் தின்னலாம் என்று நூலில் இருந்தது. விதையைப் பற்றி நூல் பேசவே இல்லை. அவர் விதையைத் தின்றார். ஜூலை இறுதியில், அந்த விதையால்தான் தன் உடல் நலிந்தது என்று எழுதிவைத்தார், ஆகஸ்டில் இறந்தார். அவரைக் கொன்றது விதையின் நஞ்சா, வெறும் பட்டினியா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். திரும்பிவர முயன்றபோது அவரைத் தடுத்த டெக்லானிக்கா ஆற்றின் குறுக்கே, சற்றுத் தள்ளி, கம்பிவடத்தில் ஓடும் ஒரு கூடை இருந்தது. விரிவான வரைபடம் ஒன்று வைத்திருந்தால் அது தெரிந்திருக்கும். தாவர நூலைவிட ஒரு வரைபடம் அங்கே அதிகம் உதவியிருக்கும்.

1971 டிசம்பர் 24 அன்று பெருவில் விபத்துக்குள்ளான லான்சா விமானத்தில் இருந்தவர்களில் 17 வயது ஜூலியானா கோப்கே மட்டும் உயிர்பிழைத்தார். கையில் புத்தகம் எதுவும் இல்லை. அமேசான் காட்டில் ஆய்வு நிலையம் நடத்திய பெற்றோரோடு அங்கேயே வாழ்ந்திருந்தவர் அவர். சிற்றோடையைப் பிடித்து அதன் போக்கிலேயே போனால் பெரிய ஆறு வரும், ஆற்றங்கரையில் மனிதர்கள் இருப்பார்கள் என்று தந்தை சொல்லியிருந்தார். 11-ஆம் நாள் மரம்வெட்டிகளின் குடிசையில் அவரைக் கண்டார்கள்.

அதே யோசனையைக் கையேட்டில் படித்துவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒருவர் ஓடையைப் பிடித்து இறங்கினால் என்ன ஆகும்? சமவெளியான அமேசானில் ஓடை ஆற்றில் சேரும். இங்கே பல இடங்களில் அது செங்குத்தான பாறையில் அருவியாக விழும். இப்படி நிலத்தைப் பார்த்து மாறும் விஷயங்கள் ஒன்றிரண்டல்ல. குளிர்நாட்டுக் கையேடுகளில் முதல் அத்தியாயமே நெருப்பு மூட்டுவதுதான். நம் சரணாலயங்களுக்குள் ஆபத்து உண்டாக்கும் வகையில் நெருப்பு மூட்டுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கோடையில் மலைப்புல் காய்ந்திருக்கும்போது அது கொலைக்குச் சமம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை.

உணவைப் பற்றிய அத்தியாயமும் அப்படித்தான். தெரியாத செடியைத் தோலில் தேய்த்து, உதட்டில் வைத்து, சிறிது விழுங்கிச் சில மணி நேரம் காத்திருந்து சோதிக்கும் முறையை அமெரிக்கப் படைக் கையேடு விரிவாகச் சொல்கிறது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் இருக்கும் கொல்கிசின் நஞ்சு உடனே வேலையைக் காட்டாது, நேரம் கழித்தே குமட்டலும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். உண்ணும் கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. உணவில்லாமல் மனிதர் வாரக்கணக்கில் இருக்க முடியும். காட்டில் வழிதவறியவருக்குத் தெரியாத கிழங்கைச் சோதித்துப் பார்க்கிற அவசரம் எதுவும் இல்லை.

ஆகவே வாங்குகிறவர் புத்தகக் கடையில் சில நிமிடங்கள் நின்று பார்ப்பது நல்லது. நூலாசிரியர் எந்த நிலத்தில் நடந்து கற்றவர் என்று முன்னுரையில் தேடுங்கள். கனடாவின் மோர்ஸ் கோச்சான்ஸ்கி போல ஒரே வகைக் காட்டைப் பற்றி எழுதியவரின் நூல், உலகம் முழுவதையும் சுருக்கித் தருவதைவிட அந்தக் காட்டுக்குப் பலமடங்கு நல்லது. வேறு காட்டுக்குப் பாதிதான் உதவும். பதிப்பாண்டைப் பாருங்கள். பிறகு பாம்புக்கடிப் பக்கத்தைப் புரட்டுங்கள். கீறு, உறிஞ்சு, இறுகக் கட்டு என்று இருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள்; மற்றப் பக்கங்களும் அதே பழைய சரக்காகத்தான் இருக்கும். பதறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போவதுதான் இன்றைய மருத்துவம் சொல்லும் ஒரே வழி. அந்த மருந்துக்கான நஞ்சைச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் எடுத்துத் தருகிறவர்கள் இருளர் பழங்குடியினர்.

வாங்கிய புத்தகத்தை வீட்டிலேயே படித்து முடியுங்கள்; பையில் அதன் கனத்துக்குக் கூடுதலாக ஒரு பாட்டில் தண்ணீர் வைக்கலாம். எந்த வழியாகப் போகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தேடி வருகிறவர்களுக்குத் தேவைப்படும் கையேடு அந்தத் தாள்தான்.